சாம்பல் திரையில் தெரிந்த முதியவர்

தி.நகரில் நான் வேலை பார்த்த மொபைல் சர்வீஸ் சென்டரில் இருட்டறையை இடித்துவிட்டார்கள். எங்கள் பழைய ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு பெண் படம் போட்டிருந்தாள். கறுப்பு பெயிண்ட் அடித்த சுவர் பாதி உடைந்து கிடந்தது. அந்த இடத்தில் இப்போது மிக்ஸி அளவுக்கு ஒரு பெட்டி வந்திருக்கிறதாம். போனை உள்ளே வைத்து மூடினால் நிறம், வெளிச்சம் எல்லாவற்றையும் அதுவே அளந்து காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடுமாம்.

"வசந்தா மேடம், நீங்கள்லாம் வெறும் கண்ணால பாத்துட்டு எப்படி கையெழுத்துப் போட்டீங்க?" என்று அந்தப் பெண் கேட்டிருந்தாள்.

வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஆனால் நான் பதில் எழுத நாலு நாள் ஆயிற்று. சரியாகப் பார்க்காமலேயே ஒரு முறை நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் என்ன ஆனது என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

கிண்டியில் ஒரு டி.வி. கம்பெனியில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். வரிசையாக வரும் பெட்டிகளில் படத்தின் நிறத்தைச் சரி பார்ப்பது என் வேலை. கம்பெனி மூடியதும் இரண்டு மூன்று இடம் மாறி, கடைசியில் இந்த சர்வீஸ் சென்டருக்கு வந்தேன். டிஸ்ப்ளே சோதனைப் பிரிவு. அங்கே எனக்கு மேலதிகாரி கௌஸ் சார்.

கௌஸ் சார் மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் உருது, வெளியில் நிதானமான தமிழ். வருடம் முழுக்கச் சாம்பல் நிறச் சட்டைதான் போடுவார். நான் சேர்ந்த முதல் நாள் என் மாம்பழ நிறப் புடவையைப் பார்த்துவிட்டு, "வசந்தாம்மா, உங்க புடவை நல்லா இருக்கு. ஆனா அது ஸ்க்ரீன்ல விழும். அப்புறம் எல்லா போனும் மஞ்சளாத் தெரியும்" என்றார். மறுநாளே எனக்கும் ஒரு சாம்பல் நிற மேலங்கி வந்துவிட்டது.

எங்களிடம் வரும் புகார்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும். அக்கா தங்கை, கணவன் மனைவி, ஒரே அலுவலகத்தில் இருவர் என்று ஒரே நாளில் ஒரே மாடல் போன் வாங்கியிருப்பார்கள். பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று வெள்ளையாகவும் ஒன்று லேசான மஞ்சளாகவும் தெரியும். ஒன்று பிரகாசமாகவும் மற்றது ஒரு மாற்று குறைந்தும் இருக்கும். தன்னிடம் இருப்பதுதான் மட்டம் என்று இருவருமே நினைப்பார்கள்.

கௌஸ் சார் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார். இரண்டு போனையும் பத்து நிமிடம் எரியவிட வேண்டும். தானாக வெளிச்சம் கூட்டிக் குறைப்பதையும், கண்ணுக்கு இதமாக மஞ்சளாக்குவதையும் அணைத்துவிட வேண்டும். இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, மூன்று நிமிடம் ஒன்றையும் பார்க்காமல் நிற்க வேண்டும். அவர் அந்த மூன்று நிமிடமும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காது. அதன்பிறகு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, கடைசியில் சாம்பல் என்று ஒவ்வொரு நிறமாகத் திரை முழுக்க வரவழைத்துப் பார்ப்போம். நடுவில் வாடிக்கையாளருக்குத் தெரியாமல் இரண்டு போனையும் இடம் வலமாக மாற்றி வைப்பார். பலர் அப்போது நல்ல போனையே மட்டம் என்று காட்டுவார்கள்.

"வித்தியாசம் இல்லாத ரெண்டு போன் கிடையாதும்மா" என்று அவர்களிடம் மெதுவாகச் சொல்வார். "பேனல் ரெண்டு ஃபேக்டரியில இருந்து வருது. ஒரே ஃபேக்டரியிலயும் ஒரு நாளைப் போல ஒரு நாள் வராது. எல்லைக்குள்ள இருக்கான்னுதான் நாங்க பாக்க முடியும்."

எல்லா நிறத்திலும் அவர் விடாப்பிடியாக இருந்தது சாம்பலில்தான். வெள்ளையில் கண் கூசிவிடும், கறுப்பில் ஒன்றும் தெரியாது, திரையில் கறை இருந்தால் சாம்பல்தான் காட்டிக்கொடுக்கும் என்பார். சாம்பலைப் பார்க்காமல் வேலைச் சீட்டில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்கக் கூடாது.

தீபாவளிக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை நான் அதைச் செய்தேன். தட்டில் முப்பது போன் இருந்தது. ஆட்கள் மாடிப்படி வரை வரிசையில் நின்றார்கள். திரை மாற்றி வந்த போன்களை வெள்ளையில் மட்டும் பார்த்து, முத்திரை வைத்துத் தள்ளிக்கொண்டே போனேன். அவற்றில் ஒன்று பட்டினப்பாக்கத்துச் செல்வியுடையது.

இரண்டு மாதம் கழித்துச் செல்வி தன் தங்கையோடு வந்தாள். மீன் விற்பவள். நாற்பது வயதிருக்கும். போனைத் துணியில் சுற்றி, அதை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தாள். தங்கை கையில் அதே மாடல் போன் சாதாரணமாக இருந்தது.

"ரெண்டும் ஒரே நாள்ல வாங்குனது மேடம். இவளுது பளிச்னு கீது. என்னுது கண்ணாடி மாத்திக் குத்தீங்கல்ல, அத்தொட்டு மஞ்சளாக் கீது, மங்கலாக் கீது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அது பரவால்ல. உள்ள ஒரு கெழவன் கீறான்."

நான் சிரித்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

"யாரு பாத்தது?" என்றேன்.

"என் வூட்டுக்காரருதான் மொதல்ல பாத்தாரு. கடலுக்குப் போறதுக்கு முன்னாடி காத்து எப்டி கீதுன்னு போன்ல பாப்பாரு. அன்னிக்குப் பாத்துக்கினே இருந்தவரு தூக்கிப் போட்டுட்டாரு. எங்க மாமனாரு கடலுக்குப் போயி திரும்பல மேடம். பாடி கெடைக்கல. அவருதான் வந்து கூப்புட்றாருன்றாரு. பதினோரு நாளா படகு ஏறல."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றாள். "நானும் பாத்தேன், இவளும் பாத்தா." தங்கை தலையாட்டினாள்.

டப்பாவைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குப் போனேன். கௌஸ் சாரும் வந்தார். அக்கா தங்கை இருவரும் சுவரோரம் நின்றார்கள். மூன்று நிமிடம் நின்றோம். வெள்ளையில் செல்வியின் போன் தெளிவாகவே மஞ்சள். எல்லைக்கு வெளியே. சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் கொஞ்சம் மங்கல். கறுப்பு சரி. பிறகு சாம்பலைக் கொண்டுவந்தேன்.

அவன் இருந்தான். முதலில் தலைமுடி தெரிந்தது. நன்றாக வெளுத்த முடி. பிறகு வெளுத்த புருவம், வெளுத்த மீசை. முகம் கறுத்து, கன்னங்கள் உள்ளே போயிருந்தன. கறுப்புச் சட்டை. எங்களைப் பார்த்துச் சிரித்தான். பல் எல்லாம் கறுப்பு. திரை அசையவில்லை, அவனும் அசையவில்லை. ஆனால் நான் ஒரு பக்கம் நகர்ந்தபோது அந்த வெள்ளை விழிகள் என்னோடேயே வந்தன. பின்னால் செல்வியின் தங்கை ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

கௌஸ் சார் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இது புது பேனல் இல்ல" என்றார்.

செல்வியையும் தங்கையையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, சென்டர் கேமராவில் அந்தத் திரையைப் படம் எடுத்துக் கணினியில் ஏற்றினார். என்னை உட்காரச் சொன்னார். "வசந்தாம்மா, இந்த மாதிரி ஸ்க்ரீன்ல ஒவ்வொரு புள்ளியும் தானே எரியுது. அதிகம் எரிஞ்ச புள்ளி சீக்கிரம் தேஞ்சிடும். ஒரே படத்தை மாசக்கணக்குல வெச்சிருந்தா, படத்துல எங்கெல்லாம் வெள்ளையோ அங்கெல்லாம் தேஞ்சு கறுக்கும். கறுப்பா இருந்த இடம் தேயாம வெள்ளையா நிக்கும்."

சொல்லிக்கொண்டே படத்தில் கறுப்பையும் வெளுப்பையும் இடம் மாற்றினார். கிழவன் போய்விட்டான். கறுத்த அடர்த்தியான முடி, அரும்பு மீசை, வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பல் தெரியச் சிரிக்கும் ஒரு இளைஞன் இருந்தான். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும்.

எனக்குக் கிழவனைப் பார்த்தபோது இருந்ததைவிட அப்போதுதான் அதிகம் பயமாக இருந்தது.

செல்வியின் கணவரை வரச் சொன்னோம். மறுநாள் காலையில் வந்தார். வாட்டசாட்டமான மனிதர், இருட்டறை வாசலிலேயே நின்றுவிட்டார். கௌஸ் சார் அவர் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், முதலில் திரையைக் காட்டினார், பிறகு கணினிப் படத்தைக் காட்டினார். இது எப்படி ஆகிறது என்பதை ஒரு அவசரமும் இல்லாமல் சொன்னார். அந்த மனிதர் இளைஞனின் முகத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

"எங்க நைனா இல்ல" என்றார்.

"இல்லப்பா. வேற யாரோ."

"இல்லதான்" என்று இன்னொரு முறை சொன்னார். நிம்மதிதான். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்து மாடிப்படியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். செல்விக்குப் புதுத் திரை போட்டு, இந்த முறை சாம்பலில் மூன்று தடவை பார்த்து, கையில் கொடுத்தேன். மறுநாள் அவர் கடலுக்குப் போய்விட்டதாகப் பிறகு சொன்னாள்.

பழைய திரை எப்படி உள்ளே வந்தது என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது. புதுத் திரையைப் பொருத்திய டெக்னீஷியன் அதன் ஓரத்தில் விரிசல் விட்டுவிட்டார். அந்த மாதம் ஏற்கெனவே ஒன்றை உடைத்திருந்ததால், சொல்லப் பயந்து, அழிப்பதற்காக ஒதுக்கி வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டார். கேட்டதும் ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் போட்டதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டியவள் நான். வேலைச் சீட்டில் என் முத்திரை இருந்தது.

கௌஸ் சார் அறிக்கை எழுதினார். என் பெயரை எழுதினார். கீழே தன் பெயரையும் எழுதினார். "அன்னிக்கு ஷிஃப்ட் என்னோடது" என்றார். ஆறு மாதத்துக்கு என் முத்திரையை வாங்கிக்கொண்டார்கள். அது சரிதான் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

அந்தத் திரை எந்த போனிலிருந்து கழற்றப்பட்டது என்று அதன் பின்புற ஸ்டிக்கரில் எண் இருந்தது. அடையாறு கவுன்ட்டரில் ரிப்பேருக்கு வாங்கி எங்களுக்கு அனுப்பிய போன். சீட்டைத் தேடி எடுத்தோம். ராஜா அண்ணாமலைபுரம் விலாசம். புகார் என்ற இடத்தில் வயதானவரின் அழகான கையெழுத்தில் இருந்தது: 'ஒரே மாடல் இரண்டு போன். என் மனைவியின் போனில் மகன் முகம் நன்றாக இருக்கிறது. மகனின் போனில் மட்டும் நாளுக்கு நாள் மஞ்சளாகி மங்கிக்கொண்டே வருகிறது. தயவுசெய்து சரிசெய்து தரவும்.'

நான் அதை இரண்டு முறை படித்தேன். கௌஸ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை வெட்டிப் போடத்தான் ரூல். ஆனா எழுதிக் கேட்டா பழைய பார்ட்டைச் சொந்தக்காரருக்குத் தரலாம்னும் ரூல் இருக்கு" என்றார். "கேக்கறாங்களான்னு பாப்போம். மன்னிப்பும் கேக்கணும்."

கழித்துக்கட்டிய அதே மாடல் போன் ஒன்றில் அந்தத் திரையைப் பொருத்தி எடுத்துக்கொண்டு, ஒரு மதியம் இருவரும் போனோம். இரண்டாவது மாடி. அந்தப் புகாரை எழுதிய, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா கதவைத் திறந்தார். மாமியின் பெயர் லலிதா. கூடத்தில் ஒரு சின்ன மேஜை மேல் மகனின் போன் சார்ஜரோடு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. புதுத் திரையில் அந்த இளைஞன் வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தான். கார்த்திக். பெங்களூருக்கு வேலைக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்து, நாலே நாளில் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் அவன் போனைத் திருப்பிக் கொடுத்ததும் அவனுடைய படத்தை அதில் போட்டுக் கூடத்தில் வைத்தார்கள். பதினாலு மாதம் அணைக்கவே இல்லை.

கௌஸ் சார் நடந்ததை மறைக்காமல் சொன்னார். திரை இன்னொருவர் கைக்குப் போனது, அந்த வீட்டார் பயந்தது, யார் தவறு என்பது எல்லாம். கடைசியில், "அதுல உங்க பையன் படம் பதிஞ்சிருக்கு. ஆனா மாறித் தெரியும். பாக்கணுமா, அழிச்சிடலாமா, நீங்க சொல்லுங்க" என்றார்.

"வேண்டாம்" என்றார் மாமா.

"எம் புள்ளையைப் பாக்கறதுக்கு எனக்கென்ன பயம்" என்றாள் மாமி. எழுந்துபோய் அவளே ஜன்னல் திரைகளை இழுத்து மூடினாள்.

நான் சாம்பல் நிறத்தை வரவழைத்துப் போனை அவள் கையில் கொடுத்தேன். மாமி முதலில் புருவத்தைச் சுருக்கினாள். "இது அவன் இல்லையே." பிறகு திரையைக் கிட்டே கொண்டுபோனாள். அவள் முகத்தில் விழுந்த சாம்பல் வெளிச்சத்தில் அவளும் அந்தத் திரைக்குள் இருப்பவள் போலத் தெரிந்தாள்.

"ஏன்னா, இங்க வாங்கோ. தலையெல்லாம் நரைச்சுப்போய் ஒக்காந்துண்டிருக்கான் பாருங்கோ."

மாமா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். மனைவியின் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார்.

"என்னைவிட வயசாயிடுத்து இவனுக்கு" என்றார்.

சமையலறையில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. கௌஸ் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இப்படியே இருக்குமா?" என்று மாமி கேட்டாள்.

"அணைச்சு வெச்சா இருக்கும். திரை முழுக்க ஒரே வெள்ளையா எரியவிட்டா மத்த இடமும் தேஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா சமமாயிடும். அப்புறம் தெரியாது. ஆனா நாளாகும்."

"அணைச்சு எடுத்துண்டு போயிடுங்கோ சார்" என்றார் மாமா. "ரெண்டு பேரா வேண்டாம் எங்களுக்கு."

மாமி போனைக் கொடுக்கவில்லை. "அன்னிக்கு நாலே நாள். நம்மள உள்ளேயே விடலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன நடந்ததுன்னே தெரியாது" என்றாள். அழவில்லை. "இப்ப வயசாகித்தானே போறான். நம்மாத்துலயே இருந்து, நம்ம எதிர்ல போகட்டும். எரியட்டும்."

மாமா உள்ளே போய் இன்னொரு சார்ஜரைக் கொண்டுவந்தார். திருப்பிக் கேட்டு அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தை கௌஸ் சார் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திரை முழுக்க வெள்ளையாக, உச்ச வெளிச்சத்தில் வைத்துவிட்டு, எப்படிச் சாம்பலுக்கு மாற்றிப் பார்ப்பது என்று மாமிக்குக் காட்டிக்கொடுத்தேன்.

அதன்பிறகு வாரத்துக்கு ஒருமுறை மாமி போனில் கூப்பிடுவாள். உடம்பு முடியாத ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் பேசுவாள். "கன்னம் இன்னும் ஒட்டிப்போச்சு வசந்தா." இன்னொரு வாரம், "கண்ணு போயிடுத்து. தெரியறதோ என்னவோ அவனுக்கு." ஒருநாள், "நேத்திக்கு மாமாதான் பக்கத்துல ஒக்காந்து பேப்பர் படிச்சுண்டிருந்தார், சத்தமா" என்றாள். மூக்கும் வாயும் போன பிறகும் நரைத்த தலையும் கறுத்த சட்டையும் வெகுநாள் நின்றன. முகம் இல்லாத அந்த உருவத்தை நினைத்தால் பட்டப்பகலில் பஸ்ஸில் போகும்போதுகூட எனக்கு முதுகு சில்லிடும். மாமி அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

ஆறு மாதம் கழிந்தது. கௌஸ் சார் அதற்குள் ஓய்வு பெற்று, மகளிடம் போய்விட்டார். ஒருநாள் காலையில் மாமி கூப்பிட்டாள்.

"எங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை. எங்களுக்கு வயசாச்சு, நாங்க சொல்றது சரியா இருக்காது. நீ வந்து பாத்துச் சொல்லு."

போனேன். வழியில் சாம்பல் நிற மேலங்கியை எடுத்துக்கொண்டேன். மாமி ஜன்னல்களை மூடிவைத்திருந்தாள். மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை போடவில்லை. தோளில் துண்டு மட்டும்.

போனை மேஜையில் வைத்துவிட்டு மூன்று நிமிடம் கண்ணை மூடி நின்றேன். எனக்கு அப்போதுதான் முத்திரை திரும்பக் கிடைத்திருந்தது. பிறகு வெள்ளையில் பார்த்தேன். சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, எதையும் விடவில்லை. கடைசியில் சாம்பலைக் கொண்டுவந்தேன். நேராகப் பார்த்தேன், இடப்பக்கம் போய்ப் பார்த்தேன், வலப்பக்கம் போய்ப் பார்த்தேன். திரையைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தேன். விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஒரே சாம்பல்.

இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல மாமி" என்றேன். "ஒண்ணும் இல்ல."

மாமி போனை வாங்கி, தானே அணைத்து, முந்தானையால் ஒருமுறை துடைத்து, மேஜை மேல் முகம் கீழே இருக்கும்படி வைத்தாள்.

மாமா எழுந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல், குளிக்கப் போனார்.